பதினாறு நாள் ஈக்கள்

கண்ணின் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்து நீர் குடிக்கும்போது வலிப்பதில்லை. மயிர்நுனியால் யாரோ தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல ஒரு குறுகுறுப்பு, காதோரம் நூல் இழுபடும் சன்னமான ஓசை, அவ்வளவுதான். கடுகில் பாதிகூட இராத அந்தக் கறுப்பு ஈக்கு நானும் அம்மாவும் வைத்திருந்த பெயர் 'கண்மொய்ச்சி'.

மலாயாவில், லாபிஸுக்குத் தெற்கே, ரயிலின் ஊதல் மட்டும் எட்டுகிற ஒரு ரப்பர்த் தோட்டத்தில், இருபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது. தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்குப் பின்னால் வெட்டிவிட்ட காடு மறுபடியும் புதராய் மண்டிக் கிடந்தது. மலாய்க்காரர்கள் சொல்வதையே நாங்களும் சொல்லி அதைப் 'பெலுக்கார்' என்போம். ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்த அம்மா விறகு பொறுக்கப் போகும்போதெல்லாம் நானும் பின்னால் ஓடுவேன், விறகுக்காக அல்ல, ஈக்களுக்காக. இலைமேல் பச்சைப் பொட்டாய் மின்னி, கை நிழல் படுமுன்னே அடுத்த இலைக்குத் தாவுவது 'மின்னி'. வெள்ளை நுனியுள்ள முன்கால்களைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு நடப்பது 'கும்பிடுசாமி'. கொய்யாப் பழத்தில் நின்று கோடுபோட்ட இறகை விரித்து விரித்து மூடுவது 'விசிறிக்காரி'. ஓடைக்கரையில் தொங்கும் வேர்களில், பொழுது சாயும் நேரத்தில், தலையின் இருபுறமும் கொம்பு நீண்டு கொம்பின் நுனியில் கண் வைத்தவை வரிசையாக வந்து உட்காரும். அவற்றைக் கண்டால் நாங்கள் இருவருமே பேச்சை நிறுத்திவிடுவோம். உட்காரும் விதத்தையும் இறகை மடக்கும் விதத்தையும் வைத்தே எது எதுவென்று பத்தடி தள்ளி நின்று சொல்லிவிடுவேன்.

"இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்னா ஈக்கிட்டதான் சம்மதம் கேக்கணும்" என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு மின்னி என்றால் உயிர். கண்மொய்ச்சியை மட்டும் ஆகாது. "சீ, பீளை தின்னி" என்று முந்தானையால் அடித்து விரட்டுவாள்.

தங்கை பிறந்த இருபதாம் நாள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாளைக்கு எந்தப் பூச்சியையும் அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. போனவர்கள் அந்த உருவில்தான் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுச் செல்லாயி அத்தை, பிறந்து சில மாதமேயான தன் மகனுக்குப் பால் கொடுத்த கையோடு எங்கள் பாப்பாவுக்கும் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பையனுக்கு அப்போது கண்வலி. பீளை கட்டிய இமைகளில் எந்நேரமும் கண்மொய்ச்சிகள். மூன்றாம் நாள் அவை பாப்பாவின் கண்ணோரத்திலும் வந்து உட்கார்ந்தன. நான் துணியை ஓங்கினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விரட்டாதடி! உங்கம்மா புள்ளைய பாக்க வந்திருக்கா."

"இது கண்மொய்ச்சி அத்தை. உங்க புள்ள கண்ணுல இருந்ததே, அதான்."

"ஆமா, பெரிய ஈ டாக்டரு! செத்தவ எந்த ரூபத்துல வரணும்னு உன்னைக் கேட்டுத்தான் வருவாளோ?"

அம்மா வருவதென்றால் மின்னியாகத்தான் வருவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே காத்திருந்தேன். அப்பா விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவார், அத்தையும் பால் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் சீவப் போய்விடுவாள். பாப்பாவும் நானும் தனியே. கதவைத் திறந்து வைத்து, வாசலில் கொய்யா இலைகளைப் பரப்பி, பச்சையாய் ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நான்காம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. வந்ததெல்லாம் கண்மொய்ச்சி, அதுவும் கூட்டமாக. ஆறாம் நாள் என் கையைப் பிடிக்க யாருமில்லை, துணி மடியிலேயே இருந்தது. வேறு எந்த உருவிலும் அம்மா வராதபோது இந்த உருவையும் விரட்டிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? துணியை மடித்து வைத்துவிட்டு, பாப்பாவின் இமையில் ஊர்ந்த அந்தக் கறுப்புப் புள்ளியிடம் குனிந்து, "அம்மா" என்றேன். பிறகு நாள் முழுவதும் அதோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் பாப்பாவின் கண்கள் திறக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் வந்து இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஈயை விரட்டக்கூட ஆளில்லையா இந்த வீட்டுல?" அப்பா கைகட்டி நின்று, "புள்ளையோட ஆத்தா வந்து வந்து பாத்துட்டுப் போனா சாமி" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. வலது கண் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

லயம் அதற்கும் ஒரு பெயர் கண்டுபிடித்தது: 'அம்மா முத்தம் கொடுத்த கண்'. பாப்பா, எங்கள் ராசாத்தி, அந்தச் சொல்லைச் சோறுபோல் தின்று வளர்ந்தாள். 'ஒத்தக்கண்ணு' என்று யாராவது கூப்பிட்டால் இடுப்பில் கைவைத்து நிற்பாள்: "எங்கம்மா செத்தும் வந்து முத்தம் குடுத்துட்டுப் போனாங்க. உங்கம்மா உசிரோட இருக்காங்களே, குடுத்தாங்களா?" நானும் அருகில்தான் நின்றிருப்பேன், வாயைத் திறக்காமல். மூடிய வாய்க்குள் ஓர் ஈ ஊர்வதுபோல் இருக்கும். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. முப்பது வருடம் அப்படியே போயிற்று.

இப்போது அந்த லயம் இல்லை. பெலுக்காரை அழித்து வரிசை வரிசையாக இளம் ரப்பர் நட்டிருக்கிறார்கள்; ஓடையை நேராக வெட்டிவிட்டார்கள், கரையில் தொங்கிய வேர்களும் போய்விட்டன. முதுகில் தகர டப்பா சுமந்தவர்கள் மாதாமாதம் வந்து பூச்சிமருந்து அடிக்கிறார்கள். போன முறை போயிருந்தபோது அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஓர் இலையிலும் ஒன்றும் இல்லை, செடிகள் அடக்கம் முடிந்த வீட்டைப்போல் துடைத்துக் கிடந்தன.

அங்கிருந்து நேரே ரயிலேறி, ரெங்கம் ஊரில் இருந்த ராசாத்தியின் வீட்டுக்குப் போனேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, நடுவில் தயங்கினால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்ற பயத்தில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: அது என்ன ஈ என்று எனக்குத் தெரியும், எந்தக் கண்ணிலிருந்து வந்தது என்று தெரியும், துணி என் கையிலேயே இருந்தது, உன் கண்ணைக் கெடுத்தவள் நான்தான். திட்டுவாள், அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன்.

கண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதி அரிந்த காய் கையில் கறுத்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக் குரலில் கேட்டாள்:

"அப்போ, அம்மா வரவே இல்லையாக்கா?"