அண்ணி சொன்னால்தான் எரியும்

எங்கள் தெருவில் ஒயரிங்காரர் என்றால் ஒருவர்தான். என் டயர் கடையை ஒட்டிய கொட்டகை அவருடையது. கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. வண்டி விளக்கு, ஹாரன், பேட்டரி எதுவானாலும் சரிசெய்துவிடுவார். ஆனால் சரியாகிவிட்டது என்று சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அது அவர் மனைவியிடம், எங்கள் அண்ணியிடம் இருந்தது.

இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைப் போடுவார். பட்டப்பகலில், உட்கார்ந்த இடத்திலிருந்து முன்விளக்கு எரிகிறதா என்று தெரியாது. அண்ணி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து வண்டிக்கு முன்னால் நிற்பார். "எரியுது", "எரியல", "இடது பக்கம் அழுது வடியுது" என்று தீர்ப்பு வரும். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அந்த அம்மாள் சொல்லாமல் எந்த வண்டியும் கொட்டகையை விட்டு இறங்கியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று அண்ணி விமானம் ஏறினார். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பேரன் இப்போது ஓடியாடுகிறான். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அண்ணி அங்கே தங்குவதற்கான அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கவும் செய்யலாம், திரும்பி வரவும் செய்யலாம். "இந்தத் தடவை வந்துருவாப்பா" என்று அண்ணன் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்காமலே சொன்னார். அதுதான் எங்கேயோ உதைத்தது.

மத்தியானம் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாத்திரத்தோடு சாப்பிடுவார். "ஒத்த ஆளுக்குத் தட்டு எதுக்கு, அதை வேற கழுவணும்" என்பார். டிவி நாள் முழுக்க ஓடும், யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்டால் போதும் அவருக்கு. எனக்குப் பாவமாக இருக்கும். அதைவிடக் கோபம் வரும். யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

ஆனால் விளக்குச் சோதனையை மட்டும் அவர் விடவில்லை. என் கடைப் பழைய டயர்களை வண்டிக்கு முன்னால் அடுக்கி, மேலே போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் அண்ணியைக் கூப்பிடுவார். "நான் பாத்துச் சொல்றேன்ணே, இங்கதானே கிடக்கேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "உனக்கு டயரைப் பத்தித்தான் தெரியும்" என்பார். எரிகிற விளக்கைப் பார்க்கவும் படித்துவிட்டு வர வேண்டும்போல.

அன்றைக்கு ஒரு வாத்தியாரின் பழைய கார் வந்தது. கம்பெனி விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சந்தையில் மலிவாகக் கிடைத்த வெள்ளை விளக்கை மாட்டியிருந்தார். சொந்தச் செலவில் சூனியம். மாட்டிக் கொடுத்த புண்ணியவான், சுமையைத் தாங்குகிற ரிலேயே வைக்காமல், நேராகச் சுவிட்சில் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தான். சுவிட்ச் சூட்டில் இளகிப்போயிருந்தது. எர்த் ஒயரைப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்ததால் இடது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் புது ஒயர் இழுத்து, ரிலே வைத்து, பெயிண்டைச் சுரண்டி எர்த் கொடுத்து, சுவிட்சும் மாற்றி முடித்தார். பிறகு வழக்கம்போல் போன்.

"இந்தா, போட்டுட்டேன். எரியுதா?"

"இல்லீங்க... ஆ, எரியுது."

"அணைச்சாச்சு."

"இன்னும் எரியுதே... ம், இப்ப அணைஞ்சிருச்சு."

அண்ணன் முகம் மாறியது. "ரிலே சண்டித்தனம் பண்ணுது" என்று அதை மாற்றினார். மறுபடி அண்ணியைக் கூப்பிட்டார். அதே கதை. புதுச் சுவிட்சைக் கழற்றி இன்னொன்று போட்டார். அப்போதும் அதே கதை. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் தான் இழுத்த ஒயரையே பிரிக்க உட்கார்ந்துவிட்டார். அரை நாள் போய்விட்டது.

பொறுக்க முடியாமல், ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சரை அப்படியே போட்டுவிட்டு வந்து, போனுக்குப் பக்கத்தில் நின்றேன். "ஒரு தடவை போடுங்க" என்றேன். ரிலே 'டக்' என்றது. விளக்கு அதே நொடியில் பளிச்சென்று எரிந்தது. போனில் அண்ணியின் குரல் வரத்தான் நேரமாயிற்று.

"அண்ணே, வண்டியில ஒண்ணுமே இல்ல. லைட்டு உடனே எரியுது. இன்னிக்கு லைன் மெதுவா இருக்கு. நம்ம பேச்சு போன பிறகுதான் படம் அண்ணிக்குப் போய்ச் சேருது, அதான் லேட்டாச் சொல்றாங்க."

அவர் நம்பவில்லை. போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். 'டக்'குக்கும் அண்ணியின் "எரியுது"க்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காதாலேயே அளந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என் காதுல கேட்டதை விட்டுட்டு, இவ சொன்னதை நம்பி நல்ல ஒயரைப் பிரிக்க உக்காந்தேன் பாரு!" அண்ணியும் அங்கே சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், சீட்டை விட்டு இறங்காமலே, கேட்டுவிட்டார்.

"இந்தா... இந்த மாசம் வந்துருவல்ல?"

சீட்டிலிருந்த அவருக்குக் குரல் மட்டும்தான் எட்டும். முகம் எனக்குத்தான் தெரிந்தது. கேள்வி போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அண்ணி பேரனை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினார். கீழே பார்த்தார். லைனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அரை நாள் செலவழித்துக் கற்றுக்கொண்டவர் அண்ணன். அந்த நேரம் கடந்தது. அதற்கு மேலும் கடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் நல்லா எரியுதுங்க" என்றார் அண்ணி. "வண்டியக் குடுத்துருங்க."