ஓடாத மீட்டருக்கு விலை

ஓடுகிற மீட்டருக்கு விலை கம்மி, ஓடாத மீட்டருக்கு விலை ஜாஸ்தி என்று ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வீண் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அப்பா ஆம்பூரில் பதனிடாத பச்சைத் தோலுக்குத் தரகர். கல்யாணத்துக்கு முன்பே மிலிட்டரி ஏலத்தில் யுத்த காலத்து ஜீப் ஒன்றை எடுத்திருந்தார். பேரணாம்பட்டிலிருந்து அம்மாவை மாலையும் கழுத்துமாக அழைத்து வந்தது அதில்தான். எனக்கு விவரம் தெரிந்த காலத்திலோ ஒரு தெரு ஓடினால் மறு தெரு முழுக்கத் தள்ள வேண்டும். அம்மாவுக்குக் கூரைக் கவலை. "மழ வர்றதுக்குள்ள ஓடு மாத்தணும். அந்தப் பேஜார் புடிச்ச வண்டிய வித்துத் தொலைங்க" என்று தினமும் அர்ச்சனை நடக்கும்.

அப்படித்தான் பெங்களூர்க்காரர் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; பழைய மிலிட்டரி வண்டிகளைச் சேர்ப்பவர். அவரிடம் ஏற்கெனவே ஒரு ஜீப் இருந்தது. அதற்கு எங்கள் ஸ்டீரிங்கும் வேகம் காட்டும் மீட்டரும் மட்டும் வேண்டுமாம். மீட்டரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் பழைய பச்சை பெயிண்ட் தெரிந்ததும் குழந்தை மாதிரி சிரித்தார்.

"இது வண்டியோடவே பொறந்தது. ஓடலன்னா இன்னா? புதுசா மாட்டினது நல்லா ஓடினாலும் எங்க ஆளுங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

ஸ்டீரிங் போய்விட்டால் அப்புறம் அது என்ன ஜீப்! நான் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைக் கட்டிக்கொண்டேன். "கீழ எறங்குடி" என்று அம்மா வாசற்படியிலிருந்து அதட்டினாள்.

"வெலய நீங்களே சொல்லுங்க" என்றார் வந்தவர்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையின்மேல் போட்டு, அடியில் தன் கையை நுழைத்தார். தோல் மண்டியில் அதுதான் வழக்கம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வந்தவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு கொஞ்சமும் அசையவில்லை.

மெல்லக் கையை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பி, "ரொம்ப ஜாஸ்தி சொல்றாரும்மா. எனக்குக் கட்டாது" என்றார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் பேராசைதான் ஜீப்பைக் காப்பாற்றியது என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அம்மா வீட்டையே இரண்டாக்குவாள் என்று பயந்தேன். அவளோ துண்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "படியலன்னா இன்னா பண்றது, வுடுங்க" என்று உள்ளே போய்விட்டாள். மழைக்காலம் முழுக்க ஒழுகின இடத்திலெல்லாம் அண்டாவும் குண்டானும் வைத்தாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னாளில் நான் ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தபோது, வெளியூர் வியாபாரியிடம் ஒரு தரகர் வாயாலேயே விலை சொல்வதைப் பார்த்தேன். துண்டு எங்கே என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "விரல் பாஷ தெரியாதவங்க கைய புடிச்சி இன்னாம்மா சொல்றது? துண்டெல்லாம் எங்களுக்குள்ளதான்."

அந்தப் பெங்களூர்க்காரருக்கு விரல் பாஷை எங்கே தெரியும்? அப்பாவுக்கு அது தெரியாதா என்ன? தோல் தரகர் வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கும்தான்.