ரஹ்மத் வாசித்த வரிசை

1. கோடு ஏறியது

தென்காசியில் எங்கள் அலுவலகத்தின் வேலை, வெளிநாட்டு அறிக்கைகளில் இருக்கும் எண்களை அட்டவணையாக்கி கிராஃப் போட்டுக் கொடுப்பது. கேட்டால் சப்பென்று இருக்கும். ஓர் எண் தப்பினால் என்ன பாடு என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த முறை வந்தது நைட்ரஸ் ஆக்சைடு. வயலில் போடும் யூரியாவிலிருந்தும் நைட்ரிக் ஆசிட் பிளாண்டுகளிலிருந்தும் கிளம்பி, பூமியைச் சூடாக்கும் வாயு. எந்த நாட்டில் அது எவ்வளவு வேகமாகக் கூடியது என்று ஒப்பிட வேண்டும். முதல் வருஷத்தை நூறு என்று வைத்துக் கோடு இழுத்தோம். வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டின் கோடு எல்லாவற்றையும் தாண்டி மேலே போய்விட்டது.

எண்களை அடித்த ரஹ்மத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. வடகரைக்காரி. அவள் கணவர் அந்த நாட்டில்தான் ஓர் உரத் தொழிற்சாலையின் ஆசிட் பிளாண்டில் இருக்கிறார்.

“அக்கா, இந்த ரிப்போர்ட் யாருக்குப் போவுது?”

உரத் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“அப்ப கடனை நிறுத்தி பிளாண்டை மூடிட்டா அவுகளை ஊருக்கு அனுப்பிருவாவல்லா? மூத்தவளை இப்பதான் காலேஜ்ல சேத்திருக்கோம்.”



2. மேனேஜர் சொன்னது

சாயங்காலத்துக்குள் ஃபைல் போக வேண்டும். அவசரமாக வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளர் குற்றாலத்தில் ஐந்தருவியில் ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தார். இங்கே எங்களுக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தப் பிள்ளை புருஷன் அங்கனதான இருக்கான்? எண்ணைக் கிண்ணை மாத்தியிருக்கப் போறா. அந்த ஒரு வரிசையை மட்டும் ஒத்துப் பாத்திருங்க.”

சுருக்கென்றது. அவர்மேல் கோபம் வந்தது. நிஜமாகவே மாற்றியிருந்தால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. பார்த்தால் எல்லா நாட்டையும் பார்ப்பேன், இல்லாவிட்டால் எதையும் பார்க்கமாட்டேன் என்றேன். நேரமில்லை என்று கத்தினார். கத்தட்டும் என்று வந்து உட்கார்ந்தேன்.

3. ஒத்துப் பார்த்தது

ஒருவர் மூல அறிக்கையை வாசிக்க, மற்றவர் திரையில் பார்ப்பது எங்கள் வழக்கம். ரஹ்மத் வாசித்தாள். வளைகுடா நாட்டின் வரிசை வந்ததும் வாசிப்பதை நிறுத்தி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீங்களே பாத்துக்கிடுங்க அக்கா.”

மேனேஜர் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்க்க, அவள் ஒவ்வோர் எண்ணாக விரலால் தொட்டு வாசித்தாள். ஒன்றுகூட மாறவில்லை.

தப்பு வேறொரு பெரிய நாட்டில் இருந்தது. அதன் கோடு அழகாக இறங்கியிருந்ததால் மேனேஜர் பாராட்டி ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார். நைட்ரஸ் ஆக்சைடைக் கரியமில வாயுக் கணக்குக்குக் கொண்டுவர ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண்ணை நடுவில் திருத்திக் குறைத்தார்கள். அந்த நாட்டுக்குப் பழைய வருஷங்கள் பழைய எண்ணிலும், புது வருஷங்கள் புது எண்ணிலும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கியதும் கோடு ஏறியது. வாயு குறையவே இல்லை. அந்த நாட்டை யாரும் சந்தேகப்படவில்லை. அங்கே எங்களில் யாருடைய புருஷனும் வேலை பார்க்கவில்லை.

வேகத்தை மட்டும் காட்டினால் போதாது என்று, மொத்த அளவுக்கும் ஒரு கிராஃப் சேர்த்தேன். அதில் சின்ன நாடு அடியில் கிடந்தது. முதல் கிராஃபில் உச்சியிலேயே இருந்தது. இரண்டும் உண்மை, இரண்டும் போயின.

பிளாண்டை இதுவரை மூடவில்லை. மூடமாட்டார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: ஒப்பிட உட்கார்ந்தால் எல்லாரையும் ஒரே அளவால் அளந்து பாருங்கள், நாட்டையும் சரி, பக்கத்து நாற்காலியில் இருப்பவரையும் சரி. ஒவ்வொரு வருஷமும் புதுக் கணக்கு வந்ததும் ரஹ்மத் தன் புருஷன் இருக்கும் நாட்டைத்தான் முதலில் அடிக்கிறாள். அடித்து முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்கமாட்டேன் என்கிறாள்.