வேட்டுக்கு முன் ஒரு விசில்

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு என்று, மகளோடு ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் கல் வெட்டியெடுத்த பழைய பாறைக்குழிக்கு நடக்கப் போனேன். இப்போது அது ஏரி. சுற்றிலும் நட்ட மரங்கள் காடாகிவிட்டன. நடைபாதையில் கொட்டியிருந்த கல்பொடி, மழையில் நனைந்து கிளப்பிய வாசம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

அது அம்மாவின் சேலை வாசம். குழிக்குள் ஜல்லி உடைக்கும் அம்மா, மேலே புளியமரத்தடியில் பிள்ளைகள் நாங்கள், நாளெல்லாம் ஓயாத சுத்தியல் சத்தம், இமையில் படியும் வெள்ளைத் தூசி, பிறகு சாயங்காலம் பாறைக்கு வேட்டு வைக்கும் முன் மேஸ்திரி ஊதும் விசில். அது கேட்டதும் பனியன் வேஸ்ட் துணியைக் காதில் அடைத்துக்கொண்டு வாயைப் பிளக்க வேண்டும்.

"வாயத் தெறங்க கண்ணுகளா, இல்லீன்னா காது போயிரும்!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடுவார்.

அம்மா எப்போதும் கடைசியாகத்தான் சரிவில் ஏறுவாள். சுத்தியலையும் கூடையையும் விட்டுவர மனசு வராது. கூப்பிடவும் முடியாமல், திறந்த வாயோடு, அவள் தலை தெரிகிறதா என்றே பார்த்து நிற்பேன்.

இன்று தண்ணீரில் இறங்கிய யாரையோ அதட்டிக் காவலாளி விசில் ஊதினார்.

"ஏம்மா, மரத்துக்குப் பின்னால வாயத் தெறந்துட்டு நிக்கறீங்க?" என்றாள் மகள்.

பதில் சொல்ல வாயை மூடியாக வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்காமல் எப்படி மூடுவது? ஏரிக்குள் இறங்கி மறையும் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் யாரும் ஏறி வரவில்லை.