பூனைக்குக் கீழே ஒரு பச்சை மெத்தை

நான் கோபக்காரி. கோபம் வந்தால் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு, அதுதான் நியாயம் என்று சாதிப்பேன். அப்படித்தான் என் நாத்தனாரோடு ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன், ஒரு பூனைக்காக.

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து, புண் சீழ் பிடித்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இங்கே பர்மாவில், அலோனில் எங்கள் வீட்டில் நாயும் பூனையும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்கா, கியாக்தான் ஊரில் தன் கருவாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மமா என்றுதான் கூப்பிடுவோம், பர்மியத்தில் அக்கா. பூனை கிட்டே வந்தாலே தள்ளி உட்காரும் மனுஷி. தினமும் என் போனுக்கு ஒரு படம் அனுப்புவார். பூனை தூங்குகிறது, பூனை ஜன்னலில் இருக்கிறது. நானும் நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

வீடு திரும்பிய அன்று நாய் மட்டும் ஓடி வந்தது. பூனை முதல் வாரமே வாந்தி எடுத்துச் செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வந்ததெல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள்.

"ஆஸ்பத்திரில படுத்திருக்கவகிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றார் மமா.

"ஒண்ணைப் பெத்து வளர்த்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

மமாவுக்குப் பிள்ளை இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். அவர் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். கணவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை.

உடம்பு தேறும்வரை வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொழுது போகாமல், நாயையும் பூனையையும் கிராஸ் ஸ்டிட்சில் தைத்து மாட்டலாம் என்று முடிவு செய்தேன். இரண்டும் சேர்ந்திருக்கும் படம் என் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் மமா அனுப்பியது. அதைத் தையல் சாமான் கடைக்கு அனுப்பினால், ஓரத்தை வெட்டி, கட்டம் கட்டமாக வரைபடம் போட்டு, துணியும் எண் ஒட்டிய நூல்களும் தருவார்கள். வரைபடத்தில் பூனை இருக்காது, நாய் இருக்காது. முக்கோணம், வட்டம், புள்ளி அவ்வளவுதான். முக்கோணம் என்றால் இன்ன எண் நூல். எண்ணித் தைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நாயின் மூக்கு நாலு நாளில் வந்துவிட்டது. பூனையின் காதைத் தைக்கும்போது இரண்டு தடவை அழுதேன். என் பிராணனை வாங்கியது பூனைக்குக் கீழே இருந்த பச்சை மெத்தை. பச்சையில் மூன்று நிறம், நடுநடுவே மஞ்சள் பூ. நாலு தையலுக்கு ஒரு தடவை நூல் மாற்ற வேண்டும். வெறும் பச்சையாகப் போட்டால் என்னவாம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே தைத்தேன். அப்படி ஒரு மெத்தை எங்கள் வீட்டில் ஏது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. படத்தில் நான் பார்த்ததெல்லாம் பூனையைத்தான்.

கண்ணாடிச் சட்டம் போட்டு வந்ததும், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். கணவர் ஆணியும் சுத்தியலுமாக ஸ்டூலில் ஏறினார். படத்தைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். அப்படியே இறங்கிவிட்டார்.

"இதைப் போயி சாமி பக்கத்துல மாட்டச் சொல்றியா? இது மமாவோட தமெய்ன்."

தமெய்ன் என்பது இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் துணி. மகிமை குறைந்துவிடும் என்று, அது காயும் கொடிக்கு அடியில்கூட ஆண்கள் நடக்க மாட்டார்கள். நான் அதை மூன்று மாதம் தைத்து, சாமிக்குச் சமமாக ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

போனை எடுத்து வெட்டாத படத்தைப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் இரண்டு கால்விரல்கள். மெத்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. பூனையைக் கண்டாலே தள்ளி உட்காரும் அந்த மனுஷி, காலை நீட்டி உட்கார்ந்து, என் பூனையை மடியில் தூங்க விட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. தேடி வந்து உதவிய ஒருத்தியை நோகடித்து அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கியாக்தான் பஸ்ஸில் ஏறினேன். கடையில் மமா கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உட்கார ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார். வழியெல்லாம் நீளமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"நான் சொன்னது ரொம்பப் பெரிய தப்பு மமா. மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொல்லிப் படத்தைப் பிரித்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி மேல் விரலை வைத்து மஞ்சள் பூக்களைத் தடவினார்.

"பூவைக்கூட விடாமத் தெச்சிருக்கியே."

"அந்தத் தமெய்ன் இன்னும் இருக்கா மமா?"

"அதுலதான் சுத்திப் பொதைச்சேன். கடேசி மூணு நாளும் அதுமேலயேதான் படுத்திருந்துச்சு. புதுத் துணின்னா வாசம் தெரியாமப் பயந்துக்குமேன்னு."