பாதிக்காலி

ஆஸ்பத்திரியில எங்க அண்ணனுக்குப் 'பாதிக்காலி'ன்னு பேர். டாக்டர் இல்ல, கம்பவுண்டர் இல்ல; நோயாளிங்க ரிப்போர்ட் எல்லாம் இருக்கிற ரெண்டு பெரிய கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கிறவன். குளுகுளுன்னு ஒரு ரூம், எந்நேரமும் ஃபேன் இரைச்சல். பதினோரு வருஷம் ஸ்வெட்டரோட அதுக்குள்ளேயே கிடந்தான்.

"ஒரு சர்வர்னா ஒரு வீடு. உள்ளே பத்து குடித்தனம். வீடு இடிஞ்சா பத்தும் தானா அடுத்த வீட்டுக்கு ஓடணும். அங்கே இடம் இருந்தாத்தானே? அதனால ரெண்டும் எப்பவும் பாதி காலியா இருக்கணும்." சோறு போடுறப்பவும் இதே பாட்டுதான். அதுக்குத்தான் அந்தப் பேர்.

மேனேஜருக்கு இது மண்டையில ஏறவே இல்ல. "சும்மா கிடக்கவா வாங்கினோம்?"னு கேமராப் பதிவு, வருகைப் பதிவு எல்லாத்தையும் ஏத்தச் சொன்னார். மெஷினுக்கு அவரைவிடப் புத்தி. இடம் போதாதுன்னு மறுத்துச்சு. அந்தத் தடையை எடுத்துவிடுன்னார். அண்ணன் வேண்டாம்னு மூணு கடிதம் எழுதினான். நாலாவது எழுதல. வாயை மூடிக்கிட்டு, தன் கையாலேயே தடையை எடுத்துவிட்டான். நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அப்பா வெளியூர்ல என் வீட்டுல படுத்த படுக்கையா இருந்தார். அன்னைக்குக் காலையில டாக்டர் கையை விரிச்சுட்டார். அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "பெரியவன் எங்கே?" போன் பண்ணினேன். "மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்"னு அண்ணன் பஸ் ஏறினான்.

ஏறி உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒரு சர்வர் படுத்துடுச்சு. அதுல இருந்ததெல்லாம் இன்னொண்ணுல போய் முட்டி மோதி, அதுவும் மூச்சுத் திணறி நின்னுடுச்சு. ஒரு ரிப்போர்ட்டும் திறக்கல. அதைத் தொடத் தெரிஞ்சவன் அண்ணனைத் தவிர வேற யாரும் இல்ல.

"பஸ்ஸைவிட்டு இறங்கிட்டேம்மா"ன்னான் என்கிட்ட போன்ல.

"உனக்கென்ன பைத்தியமா? அப்பா போயிட்டிருக்கார்!"

"ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வெச்சுட்டாங்க. ரத்த ரிப்போர்ட் இல்லாம என்ன பண்ணுவாங்க?"

போனை வெச்சுட்டேன்.

மூணு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இழுத்துச்சு. கண் சுத்தமா மங்கிடுச்சு. "வந்துட்டானா?"ன்னார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். சட்டுன்னு அப்பா பக்கத்துல உட்கார்ந்து அவர் கையைப் பிடிச்சார்.

"வந்துட்டேன்ப்பா."

அப்பா அந்தக் கையை மெல்லத் தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளையா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

அதோட சரி.

மறுநாள் காலையில அண்ணன் வந்தான். ஒரு ரிப்போர்ட்கூடத் தொலையாம எல்லாத்தையும் தூக்கி நிறுத்திட்டானாம். திட்டித் தீர்க்கணும்னுதான் வாசல்லயே நின்னேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கிட்டேன். அப்பா காலடியில போய் உட்கார்ந்தான்.

"என்னைக் கேட்டாரா?"

"இல்லண்ணா. தூக்கத்துலயே போயிட்டார். யாரையும் கேட்கல."

அவன் மனசு ஆறட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னையே பார்த்தான்.

"ஒரு தடவைகூடவா கேட்கல?"ன்னான்.