ஐந்தாவது வக்கீலின் குமாஸ்தா

வக்கீல் குமாஸ்தா என்பவன், வக்கீலுக்கு விழ வேண்டிய திட்டைக் கோர்ட் வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்பவன். இந்த உத்தியோகத்தில் அவதிப்பட்ட சகோதரர்களே, எழுபதுகளில் திருவள்ளூரில் நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

நாலு வாசல் ஏறி இறங்கியவர்

என் வக்கீலுக்கு அப்போது கேஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. காலையில் பேப்பரை நான் ஒரு தரம் படிப்பேன், அவர் இரண்டு தரம் படிப்பார். அப்படி ஒரு நாள், ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஊரிலிருந்து ராஜம்மா வந்து நின்றார். புருஷன் இறந்துவிட்டார். ஒன்றரை ஏக்கர் நஞ்சையையும் கிணற்றையும் மனைவி பேருக்கு உயில் எழுதி வைத்திருந்தார். கொழுந்தனோ உயிலே பொய் என்று சொல்லி நிலத்தில் ஏர் பூட்டிவிட்டான். பிள்ளை இல்லாத அந்த அம்மாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஊரில் பேர் பெற்ற நாலு வக்கீல்களும் கையை விரித்துவிட்டார்கள். கொழுந்தன் கெட்டிக்காரன். முந்திக்கொண்டு நாலு பேரிடமும் போய், யோசனை கேட்கிற சாக்கில் கேஸை முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான். ஒரு கட்சியின் ரகசியத்தைக் கேட்ட வக்கீல் எதிர்க்கட்சிக்கு ஆஜராகக் கூடாதே! வந்த கேஸை விட எனக்கு மனசில்லை. ஆனாலும் மனசாட்சிக்குப் பயந்து, "எங்க வக்கீல் உயில் கேஸ் நடத்தினதில்லம்மா" என்றேன்.

"அத்த யாரு கேட்டா நைனா? என் கொழுந்தன் இந்த ஊட்டுப் படி ஏறினானா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

கேட்டுக்கு எதிரே

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் முனுசாமி, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வாட்ச்மேன். அவர் வாய் திறந்தால்தான் கேஸ். இரண்டு முறை சம்மன் அனுப்பினோம். இரண்டு முறையும் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. கொழுந்தனின் மிரட்டலுக்குப் பயந்து ஒளிகிறார் என்று புரிந்தது.

ராஜம்மாவும் நானும் பஸ் ஏறினோம். வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு எங்கே ஒளிவார்? அந்த அம்மா நேர் எதிரே போய் உட்கார்ந்துகொண்டார். சண்டை இல்லை, அழுகை இல்லை. தினமும் காலையில் வந்து உட்காருவார், சாயங்காலம் எழுந்து வருவார். எனக்கு இரண்டாம் நாளே பொறுமை போய்விட்டது. ஷிப்டு மாறும்போதெல்லாம் ஆட்கள் முனுசாமியிடம், "இன்னாபா, யாரு அது?" என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் அவரே என்னிடம் ஓடி வந்தார்.

"பேஜாரு பண்ணாதய்யா! கோர்ட்டுக்கு வந்து சொல்றேன். மொதல்ல அந்தம்மாவ எழுந்திரிக்கச் சொல்லு."

தீர்ப்பு நாள்

முனுசாமி சொன்னபடி கூண்டில் ஏறி, "என் கண்ணெதிர்லதான் கையெழுத்துப் போட்டாரு" என்றார். எதிர்க்கட்சியின் பெரிய வக்கீல் எவ்வளவு குடைந்தும் அசையவில்லை. நிலமும் கிணறும் ராஜம்மாவுக்கே என்று தீர்ப்பானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த அம்மா கலங்கவில்லை. நாற்று விட நாளாகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

என் வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்ற மனமில்லாமல், தன் வாதத்தை மரத்தடியில் எல்லாருக்கும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொழுந்தன் என் பக்கத்தில் வந்து நின்றான். இத்தனை கெட்டிக்காரன் எங்கள் வாசலுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"வந்தேன்யா. தெருமொனையில விசாரிச்சேன். அங்க வக்கீலெல்லாம் கெடையாது, யாரோ ரெண்டு பேரு குந்திக்கினு பேப்பர் படிப்பாங்கன்னு சொன்னாங்க. திரும்பிட்டேன்."

நாங்கள் மட்டும் அப்போது ஒழுங்காக வேலை பார்த்திருந்தால், ராஜம்மாவுக்கு நிலம் கிடைத்திருக்காது.